ஊசிக்கு வராத மஜ்ஜை

இரத்தப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நோயல்ல. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் பலவகை அணுக்களுள் எது, எந்தப் பருவத்தில், எந்தக் கோளாறினால் கட்டுமீறிப் பெருகுகிறது என்பதைப் பொறுத்துப் பெயரும் போக்கும் மருந்தும் மாறிவிடுகிற பல நோய்களின் தொகுப்பு அது. அத்தொகுப்பில் ஏறத்தாழ 2 சதவீத இடத்தை மட்டுமே பிடித்திருப்பது ஹேரி செல் லுக்கேமியா. எதிர்ப்பொருள்களைச் சுரப்பதற்கென்று உடல் வைத்திருக்கும் பி வகை நிணவணுக்களில் நன்கு முதிர்ந்த ஒன்று தடம் மாறுவதால் தொடங்கும் இந்நோய் குழந்தைகளுக்கு வருவதில்லை எனலாம். பெரும்பாலும் ஐம்பது வயதையொட்டியவர்களை, அதிலும் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதத்தில் ஆண்களையே பிடிக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது அணுவின் விளிம்பு வட்டமாக முடியாமல், மயிரிழைகளைப் போன்ற மெல்லிய நீட்சிகளாகச் சிலிர்த்து நிற்பதே இப்பெயருக்குக் காரணம்.

லுக்கேமியா என்றவுடன் வெள்ளணுக்கள் இலட்சக்கணக்கில் ஏறிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்நோயில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. மயிரிழை நீட்சிகள் கொண்ட இந்த இழையணுக்கள் இரத்த ஓட்டத்தில் சுற்றித் திரிவதைவிட மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் தங்குவதையே விரும்புகின்றன. மஜ்ஜையில் அவை இடத்தை அடைத்துக்கொள்ள, சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் எனப்படும் தட்டணு ஆகிய மூன்றின் உற்பத்தியும் சேர்ந்து சரிகிறது. மண்ணீரலோ அணுக்களால் நிரம்பிப் பருத்து, இடது விலாவுக்குக் கீழே இரைப்பையை அழுத்தி, இரண்டு கவளம் உண்டவுடனேயே வயிறு நிறைந்துவிட்ட உணர்வைத் தருகிறது. காரணம் புரியாத களைப்பு, இடித்துக்கொண்டதே நினைவில்லாத இடங்களில் தோன்றும் நீலக் கன்றல்கள், அடிக்கடி வந்துபோகும் காய்ச்சல் ஆகியவையே நோயாளியை மருத்துவரிடம் கொண்டுசேர்க்கின்றன. இவற்றில் எதுவும் இந்நோய்க்கு மட்டும் உரியதல்ல என்பதுதான் முதல் சிக்கல்.

ஓரளவு தனித்தன்மை கொண்ட தடயம் ஒன்று உண்டு: மோனோசைட் எனப்படும் ஒற்றைக்கரு வெள்ளணுக்கள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகின்றன. ஆனால் இன்றைய ஆய்வகங்களில் அணுக்களை எண்ணுவது தானியங்கி எந்திரம். அதன் கண்ணுக்கு இழையணுவும் மோனோசைட்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடுமாதலால், இல்லாத மோனோசைட்டுகளை அது இருப்பதாக எழுதித் தந்துவிடுவதும் உண்டு. கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளி இரத்தத்தைப் பொறுமையாகப் பார்க்கும் மனிதக் கண் இங்கே இன்னும் தேவைப்படுகிறது.

இரண்டாவது தடயம் மஜ்ஜைப் பரிசோதனையின்போது கிடைக்கிறது. இடுப்பெலும்பின் பின்புறம் மரத்துப்போக ஊசி போட்டபின், தடித்த ஊசி ஒன்றை எலும்புக்குள் செலுத்திச் சிரிஞ்சால் இழுத்தால், வழக்கமாகச் செந்நிறக் கூழாக மஜ்ஜை ஏறிவர வேண்டும். இந்நோயில் இழுத்தாலும் ஒன்றும் வராமல் சிரிஞ்சு வெறுமையாகவே திரும்புவது அடிக்கடி நிகழ்கிறது. இழையணுக்களின் தூண்டுதலால் மஜ்ஜைக்குள் ரெட்டிகுலின் எனப்படும் நுண்ணிய நார்கள் வலைபோலப் பின்னி, அணுக்களை இறுகப் பிடித்துக்கொள்வதே இதன் காரணம். ஆகவே எலும்போடு சேர்த்து ஒரு மெல்லிய குச்சியளவு திசுவை வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அத்திசுவில் ஒவ்வொரு கருவைச் சுற்றியும் வெளிறிய இடைவெளி விட்டு அணுக்கள் அமர்ந்திருக்கும் தோற்றத்தை நோயியலாளர்கள் பொரித்த முட்டைக்கு ஒப்பிடுவது வழக்கம்.

மண்ணீரல் வீக்கமும் அணுக்குறைவும் சேர்ந்து வந்தால் மலேரியா, கல்லீரல் நோய், காசநோய் ஆகியவற்றை முதலில் நினைப்பது இந்தியா போன்ற நாட்டில் இயல்பே. மஜ்ஜை வறண்டுபோகும் ஏபிளாஸ்டிக் அனீமியா என்றும், மண்ணீரலில் தோன்றும் வேறுவகை லிம்ஃபோமா என்றும் இது தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஒளியால் அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் சிடி11சி, சிடி25, சிடி103, சிடி123 ஆகிய நான்கு குறிகளும் ஒருசேரத் தென்பட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிடி25 இல்லாமல், வெள்ளணு எண்ணிக்கை உயர்ந்தும் இருந்தால், அது பெயரளவில் மட்டும் இந்நோயின் உறவான, ‘வேரியன்ட்’ எனப்படும் மாறுவகையாக இருக்கலாம். வழக்கமான மருந்துகளுக்கு அது எளிதில் மசிவதில்லை. ஒரு பொது மருத்துவமனையின் இரத்தவியல் நிபுணர் ஆண்டில் இந்நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம் என்பதால், சிகிச்சை தேடும் ஒருவர் முதலில் நாட வேண்டியது புதிய மருந்தை அல்ல. தம் இரத்தத் தகட்டையும் மஜ்ஜைத் திசுவையும் இவ்வகை நோய்களைப் பார்த்துப் பழகிய வேறொரு நோயியலாளர் மறுமுறை படித்துச் சொல்லும் கருத்தையே.

இந்நோயைத் தனியொரு நோயாகத் தெளிவாக வரையறுத்தவர் பெர்த்தா புரோன்கிள். பெரு நாட்டில் பிறந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1958ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் 26 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அன்று கையில் இருந்த ஒரே பயனுள்ள வழி, பருத்த மண்ணீரலை அறுத்து அகற்றுவது. அதனால் இரத்த எண்ணிக்கை பலருக்கு உயர்ந்தது, வாழ்நாளும் நீண்டது. மஜ்ஜையில் குடியிருந்த நோய் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் காலத்தின் சிகிச்சையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துபோன பெயர் ஜான் மூர். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் பணியாற்றிய அவருக்கு 1976ஆம் ஆண்டில் இந்நோய் கண்டறியப்பட்டு, லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், பல கிலோ எடைக்குப் பருத்திருந்த மண்ணீரல் அகற்றப்பட்டது. (மனிதருக்கு இயல்பாக அதன் எடை கால் கிலோவைத் தாண்டாது.) அதன்பின் 1983 வரை, மருத்துவரின் அறிவுரைப்படி அவர் சியாட்டில் நகரிலிருந்து பலமுறை பயணம் செய்து வந்து இரத்தமும் மஜ்ஜையும் தோலும் விந்தும் மாதிரிகளாகக் கொடுத்துச் சென்றார். தம் நலனுக்காகவே இவை எடுக்கப்படுகின்றன என்று அவர் நம்பியிருந்த அந்த ஆண்டுகளில், அவருடைய மண்ணீரல் அணுக்களிலிருந்து ஆய்வகத்தில் முடிவின்றிப் பெருகும் ‘மோ’ என்ற அணுவழி ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. மூரின் அணுக்கள் வழக்கமான பி வகையாக இல்லாமல் மிக அரிதான டி வகையாக இருந்ததும், அவை வணிக மதிப்புள்ள புரதங்களைச் சுரந்ததும் அவற்றுக்கு ஆய்வுலகில் தனி மதிப்பைத் தந்திருந்தன. ஒப்புதல் படிவம் ஒன்றில் உரிமைகளை விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டபோதுதான் மூருக்கு ஐயம் எழுந்தது; 1984இல் அந்த அணுவழிக்குக் காப்புரிமை வழங்கப்பட, அவர் வழக்குத் தொடர்ந்தார்.

1990ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் மருத்துவச் சட்ட வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. உடலிலிருந்து அகற்றப்பட்ட அணுக்களின் மீது மூருக்குச் சொத்துரிமை இல்லை என்று அது கூறியது; ஆனால் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் மருத்துவர், தமக்கு அந்த உடற்பொருளில் உள்ள ஆய்வு நலனையும் பொருள் நலனையும் மறைக்கக் கூடாது என்றும் கூறியது. முதற்பாதி ஆய்வு நிறுவனங்களுக்கு ஆறுதலாக இருந்தது; நோயாளிகளுக்குப் பயன்பட்டது பின்பாதியே. அரிய நோய் உள்ளவரின் உடல், அவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கே, ஆய்வாளருக்கும் தேவைப்படுகிறது என்பதும், அந்தத் தேவையை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்தே கொடுப்பார்கள் என்பதும் அந்த வழக்கு நினைவூட்டும் எளிய உண்மைகள்.

நீதிமன்றத்தில் இது நடந்துகொண்டிருந்தபோதே மருத்துவம் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. 1984இல் ஹியூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஹோர்ஹே கெசாடாவும் உடன்பணியாற்றியோரும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற, உடல் தானே சுரக்கும் எதிர்ப்புப் புரதத்தை ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து நோய் பின்வாங்குவதைக் காட்டினர்; 1986இல் அமெரிக்காவில் அது இந்நோய்க்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. ஏழு பேர் என்பது வேறு நோய்களில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாத எண். இந்நோயின் வரலாறு முழுவதும் இத்தகைய சிறிய எண்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்றும் முதல் வரிசையில் நிற்கும் மருந்துகள் பிறந்த கதை, புற்றுநோயோடு தொடர்பில்லாத ஓரிடத்தில் தொடங்குகிறது. பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் அறவே இல்லாத சில குழந்தைகளின் இரத்தத்தில் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி இல்லை என்பதை 1972இல் சியாட்டில் நகரின் எலோயிஸ் கிப்லெட் கண்டறிந்தார். அந்நொதியின் வேலை, டீஆக்ஸி-அடினோசின் என்னும் மரபுப்பொருள் துணுக்கைச் சிதைப்பது. நொதி இல்லாதபோது அத்துணுக்கு தேங்குகிறது. மற்ற அணுக்கள் அதை எப்படியோ சமாளித்துக்கொள்ள, நிணவணுக்கள் மட்டும் தம்மிடமுள்ள வேறொரு நொதியால் அதனுடன் பாஸ்பேட்டுகளைச் சேர்த்துத் தமக்குள்ளேயே பூட்டிக்கொண்டு, அந்த நஞ்சினாலேயே மடிகின்றன. குழந்தைகளின் உயிரைப் பறித்த இந்தக் குறைபாட்டை, கெட்டுப்போன நிணவணுக்களை அழிக்கும் ஆயுதமாகச் செயற்கையாக உண்டாக்கினால் என்ன என்ற கேள்வியிலிருந்து இரண்டு மருந்துகள் கிளைத்தன.

முதலாவது பென்டோஸ்டேட்டின், அது அந்த நொதியையே முடக்குகிறது. தீவிர லுக்கேமியாக்களுக்கு மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டபோது சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கிய இம்மருந்து, அளவைக் குறைத்து இழையணு நோய்க்குக் கொடுத்தபோது வியப்பூட்டும் பலனைத் தந்தது. இரண்டாவது கிளாட்ரிபின், இது நொதியைத் தொடுவதில்லை, மாறாக டீஆக்ஸி-அடினோசின் மூலக்கூறில் ஒரு குளோரின் அணுவைப் பொருத்தி, நொதியால் சிதைக்க முடியாதபடி ஆக்கப்பட்ட போலித்துணுக்கு. வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களையே குறிவைப்பவை. இழையணுக்களோ மெதுவாகப் பிரிபவை. கிளாட்ரிபின் ஓய்வில் இருக்கும் அணுக்களின் டிஎன்ஏ இழைகளிலும் முறிவுகளைச் சேர்த்து அவற்றை மடியச் செய்வதால்தான் இங்கே பலிக்கிறது. கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் டென்னிஸ் கார்சன், எர்னஸ்ட் பியூட்லர், லாரன்ஸ் பைரோ ஆகியோர் அடங்கிய குழு, ஏழு நாள் இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றிய ஒரே ஒரு சுற்றுச் சிகிச்சையில், 12 நோயாளிகளுள் 11 பேருக்கு முழுத் தணிவு கிடைத்ததாக 1990இல் அறிவித்தது. தணிவு என்பது இரத்த எண்ணிக்கைகள் இயல்புக்குத் திரும்பி, மஜ்ஜையில் நோயணுக்கள் கண்ணுக்குத் தென்படாத நிலை. நோய் வேரோடு போய்விட்டது என்பது அதன் பொருளல்ல. ஆண்டுகள் பல கடந்து திரும்புவது கணிசமானோருக்கு நிகழ்கிறது. ஆயினும் சராசரியாகச் சில ஆண்டுகளே வாழ்ந்திருந்த நோயாளிகள், இம்மருந்துகளுக்குப் பின் ஏறத்தாழ மற்றவர்களுக்கு இணையான ஆயுளை எதிர்பார்க்கும் நிலை உருவானது.

இந்த இரு மருந்துகளுள் எது மேல் என்பதற்கு, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அத்தனை பேரைத் திரட்டுவதே கடினம். தனித்தனி ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சமமாகவே தெரிகின்றன. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வசதியால் கிளாட்ரிபின் பெரும்பாலான இடங்களில் முந்தியிருக்கிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் பென்டோஸ்டேட்டினோ, நடுவில் நிறுத்தியும் தொடர்ந்தும் பக்குவமாகக் கொண்டுசெல்ல இடமளிக்கிறது.

எந்த மருந்து என்ற கேள்வியைவிடக் கடினமானது, எப்போது என்ற கேள்வி. நோய் உறுதியானவுடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில்லை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழோ, பிளேட்லெட் ஓர் இலட்சத்துக்குக் கீழோ, கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் அணுக்கள் ஆயிரத்துக்குக் கீழோ இறங்கினால், அல்லது மண்ணீரல் தொல்லை தந்தால் தொடங்கலாம் என்று 2017இல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் ஒருமித்த வழிகாட்டுதல் கூறுகிறது. அதுவரை சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டபின் மருந்தில்லாமல் காத்திருப்பது நோயாளிக்கும், அவரைவிட அவருடைய குடும்பத்தாருக்கும், பொறுக்க முடியாததாக இருப்பதில் வியப்பில்லை. எனினும் இங்கே காத்திருப்பது அலட்சியமல்ல.

காரணம், மருந்து நோயணுவை அழிக்கும் முன் உள்ள கொஞ்ச நஞ்ச நல்ல வெள்ளணுக்களையும் வீழ்த்திவிடுகிறது. கிளாட்ரிபின் ஏற்றிய முதல் சில வாரங்களில் காய்ச்சல் வருவது சாதாரணம். அக்காய்ச்சலின் பின்னே கிருமித்தொற்று இருந்தால் உயிருக்கே ஆபத்து. உடலில் ஏற்கெனவே தொற்று இருக்கும்போது இம்மருந்தைத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான். மோனோசைட் இல்லாத இந்நோயாளிகள் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியாக்களுக்கு எளிதில் இரையாவதும் தெரிந்ததே. உறங்கிக் கிடக்கும் காசநோய் பலருக்கு இருக்கக்கூடிய இந்தியாவில், மார்பு எக்ஸ்ரேயும் அதற்குரிய சோதனைகளும் முடியாமல் சொட்டு மருந்தை ஏற்றுவது துணிச்சலான காரியம். நோயெதிர்ப்பை நடத்திச்செல்லும் சிடி4 வகை டி அணுக்கள் சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் குறைந்தே இருக்கக்கூடும். உயிருள்ள கிருமிகளைக் கொண்டு செய்த தடுப்பூசிகளைத் தவிர்ப்பது, அக்கி வராமல் மருந்து எடுப்பது ஆகியவை அதனால் அன்றாட வாழ்வின் பகுதிகளாகின்றன. இரத்தம் ஏற்ற நேர்ந்தால், கொடையாளியின் நிணவணுக்கள் உடலைத் தாக்காதிருக்க, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. சாலை விபத்தில் அடிபட்டு ஏதோ ஓர் ஊரின் அவசரப் பிரிவில் கிடக்கும்போது இதைச் சொல்ல யார் இருப்பார் என்று எண்ணி, சட்டைப்பையில் ஒரு குறிப்பு அட்டை வைத்துக்கொள்வது அங்குள்ள நோயாளிகளின் வழக்கம்.

2011ஆம் ஆண்டில் இந்நோயின் வேர் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தது. இத்தாலியின் பெருஜா நகரில் என்ரிகோ தியாச்சி, புருனாஞ்செலோ ஃபலீனி ஆகியோரின் குழு, ஒரே ஒரு நோயாளியின் நோயணுவிலும் நல்ல அணுவிலும் புரதங்களுக்கான மரபணுக்கள் அனைத்தையும் படித்து ஒப்பிட்டபோது, பிராஃப் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. அதன் விளைவாக அம்மரபணு ஆக்கும் புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் அமர்ந்துவிடுகிறது. அணுவைப் பெருகச் சொல்லும் சமிக்ஞை நிற்காமல் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. மேலும் 47 நோயாளிகளைச் சோதித்தபோது அத்தனை பேரிடமும் அதே மாற்றம். பிற பி அணுப் புற்றுநோய் உள்ள 195 பேரில் ஒருவரிடமும் இல்லை. புற்றுநோயியலில் இத்தகைய சுத்தமான விடை அபூர்வம்.

அதே மாற்றம் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் முன்பே அறியப்பட்டிருந்ததால், அதை முடக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை ஏற்கெனவே கையில் இருந்தது. அரிய நோய்க்கென்று தனியாக யாரும் முதலீடு செய்து உருவாக்கியிருக்க வாய்ப்பில்லாத மருந்து, பரவலான வேறொரு நோயின் தயவால் கிடைத்தது. முந்தைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், இத்தாலியில் 26 பேரில் 25 பேருக்கும் அமெரிக்காவில் 24 பேரில் 24 பேருக்கும் நோய் பின்வாங்கியதாக 2015இல் முடிவுகள் வெளியாயின. மஜ்ஜையை இது ஒடுக்குவதில்லை; தொற்றோடு வந்து கிளாட்ரிபினைத் தாங்க முடியாதவருக்கு இதனால் ஒரு வழி பிறந்தது. தோல் தடிப்பு, மூட்டுவலி, வெயில் படாமல் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம், சிலருக்குத் தோலில் புதிய கட்டிகள் ஆகியவை இதற்கான விலை; மாத்திரையை நிறுத்தியபின் பலருக்கு நோய் திரும்பவும் செய்தது. பி அணுக்களின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்பொருளை இதனுடன் சேர்த்தபோது 30 பேரில் 26 பேருக்கு முழுத் தணிவு கிடைத்ததை 2021இல் பெருஜா குழு வெளியிட்டது. அதே ரிட்டுக்ஸிமாபை முதல் சிகிச்சையிலேயே கிளாட்ரிபினோடு சேர்ப்பதால், நுட்பமான சோதனைகளுக்கும் அகப்படாத அளவுக்கு நோய் குறைவதாக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் ஆழம் எத்தனை ஆண்டு கூடுதல் நலமாக மாறும் என்பது காலம் சொல்ல வேண்டியது.

மருந்து பலித்தாலே அது நோயாளிக்குக் கிடைத்துவிடும் என்பதில்லை. அதே நிறுவனத்தில் ஐரா பாஸ்டனும் ராபர்ட் கிரைட்மனும் பல்லாண்டு உழைத்து, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சை, சிடி22 புரதத்தைத் தேடிச்சென்று பற்றும் எதிர்ப்பொருள் துண்டோடு இணைத்து, மோக்ஸெட்டுமோமாப் என்ற மருந்தை உருவாக்கினர். வேறு மருந்துகள் கைவிட்டவர்களுக்கென 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் அது அங்கீகாரம் பெற்றது. ஐந்தாண்டுக்குள் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பாதுகாப்புக் குறையோ பலனின்மையோ அல்ல, பயன்படுத்துவோர் மிகச் சிலராக இருந்ததே நிறுவனம் சொன்ன காரணம். இரத்த நுண்குழாய்களில் நீர் கசிவது போன்ற பக்கவிளைவுகளால் மிகுந்த கண்காணிப்போடு கொடுக்க வேண்டியிருந்த அம்மருந்தைப் பழகிய மையங்களும் சிலவே.

அந்த விலகலால் அதிகம் இழந்தவர்கள் மாறுவகை நோயாளிகள் எனலாம். ஏனெனில் அவர்களிடம் பிராஃப் மாற்றம் இல்லை, எனவே வெமுராஃபெனிப் அவர்களுக்கு உதவாது, தனித்துக் கொடுக்கும் கிளாட்ரிபினும் நெடுநாள் நிற்பதில்லை. அவர்களில் பலரிடம் மேப்2கே1 என்ற, பிராஃபுக்கு அடுத்த படியில் உள்ள மரபணு மாறியிருப்பதால், அப்படியைத் தடுக்கும் டிராமெட்டினிப் மாத்திரை சோதித்துப் பார்க்கப்படுகிறது. கிளாட்ரிபினையும் ரிட்டுக்ஸிமாபையும் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் முழுத் தணிவு பெற்ற மாறுவகை நோயாளிகள் 9 பேர். ஆய்வில் இருந்தவர்களே மொத்தம் 10 பேர்தான்.